தவறான விடையும் பூர்வபட்சமும்: பிறமொழி வாசிப்பு குறித்த ஒரு விசாரணை

ஒரு வாக்கியத்தைப் படித்தவர் அதன் பொருளை அறிந்துகொண்டார் என்று எப்போது சொல்லலாம் என்னும் வினாவை நியாயம், மீமாம்சை, வியாகரணம் ஆகிய மூன்று சாத்திரங்களும் பல நூற்றாண்டுகளாக விடாமல் விவாதித்து வந்துள்ளன. அதே வினா இன்று மேல்நிலைப்பள்ளி மாணவர்களின் ஆங்கில வினாத்தாளில் மதிப்பெண்ணாக உருமாறி வந்து நிற்கிறது. சீனாவில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடைபெறும் காவோகாவோ என்னும் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண் உண்டு. அத்தாளின் மிகப் பெரிய பகுதி, தரப்பட்ட பத்திகளைப் படித்து, கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாசிப்புப் பகுதியே. வீட்டிலும் தெருவிலும் கேளாத ஒரு மொழியின் பத்தியை, இன்னார் எழுதியது என்றுகூட அறியாமல் படித்து, எழுதியவரின் கருத்து யாது என்று சொல்லவேண்டிய நிலையில் அம்மாணவர் இருக்கிறார். இதற்கான பயிற்சியை வெறும் தேர்வு நுணுக்கமாகக் கருதுவதே பெருவழக்கு. ஆனால் அறிவு எப்படிப் பிறக்கிறது என்னும் பழைய தத்துவ வினாவை இவ்வளவு கூர்மையாக எழுப்பும் இடங்கள் இன்றைய கல்வியில் வேறு அதிகமில்லை.

இவ்வினாவைத் திருப்பதியில் வைத்து ஆராய்வதற்குத் தக்க காரணம் உண்டு. தாய்மொழியல்லாத மொழியில் வாசிப்பதையே சமயக் கடமையாகக் கொண்ட ஊர் அது. மார்கழி மாதத்தில் திருமலைக் கோயிலில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. வீட்டில் தெலுங்கு பேசுவோர் பலர் ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்களைத் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட நூல்களைக்கொண்டே கற்கின்றனர். இந்தக் கற்றலுக்கு இரண்டு படிகள் உண்டு. ஆசிரியர் ஒரு முறை சொல்ல, மாணவர் அதையே திரும்பச் சொல்லிப் பாடமாக்குவது சந்தை எனப்படும். பாடமான பாசுரத்தை உரையோடு வைத்துக்கொண்டு ஆசிரியர் முன் அமர்ந்து பொருள் கேட்பது காலட்சேபம் எனப்படும். நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி என்னும் உரையில், ஒவ்வொரு பாசுரத்துக்கும் முன்னால் அவதாரிகை என்னும் முன்னுரை அமைந்து, இப்பாசுரம் ஏன் இந்த இடத்தில் வருகிறது, முன்னதனோடு இதற்கு என்ன தொடர்பு என்பதை முதலில் நிறுவிவிட்டே சொல்லுக்குச் சொல் பொருளுரைக்கத் தொடங்குகிறது. சந்தை முடிந்த உடனே பொருள் வந்துவிடுவதாக அம்மரபு ஒருபோதும் கருதியதில்லை. ஓசை நாவில் ஏறுவதும் பொருள் அறிவில் ஏறுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதைத் தன் பாடமுறையின் அமைப்பிலேயே அது ஒப்புக்கொண்டிருக்கிறது.

அதே ஊரில் 1987இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் 2020இல் மத்தியப் பல்கலைக்கழகமாகவும் தகுதி பெற்ற சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தெலுங்கு, கன்னடம், ஒடியா எனப் பல தாய்மொழிகளைக் கொண்ட மாணவர்கள் யாருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியில் நியாய சாத்திரம் பயில்கின்றனர். அவர்கள் முதலில் கையிலெடுக்கும் நூல் பெரும்பாலும் தர்க்கசங்கிரகம். அதன் ஆசிரியரான அன்னம்பட்டர் சித்தூர்ப் பகுதியிலிருந்து காசிக்குச் சென்று வாழ்ந்த ஆந்திரர் என்று சொல்லப்படுகிறது. தொடக்கநிலை மாணவர் எளிதில் அறியும்பொருட்டு அவர் இயற்றிய இச்சிறுநூல், வாக்கியத்தின் பொருள் கேட்பவரிடம் அறிவாகத் தோன்றுவதை ஆராய்கிறது. அவ்வறிவுக்குச் சாப்தபோதம் என்று பெயர். அது தோன்றுவதற்கு மூன்று நிபந்தனைகளை அந்நூல் வெளிப்படையாகக் கூறுகிறது. மரபு நான்காவதாக இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறது. இந்நான்கையும் சீன மாணவரின் மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது, அவருடைய இடர்ப்பாடுகள் ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் வந்து அமர்கின்றன.

முதல் நிபந்தனை ஆகாங்க்ஷை. ஒரு சொல் தன்னை நிறைவுசெய்ய மற்றொரு சொல்லை வேண்டி நிற்கும் நிலையே அது. பசு, குதிரை, மனிதன், யானை என்று அடுக்கிச் சொன்னால் சொற்கள் உண்டே தவிர வாக்கியம் இல்லை; ஒன்று மற்றொன்றை அவாவவில்லை என்பதே காரணம். இந்த அவாவும் திசை எல்லா மொழிகளிலும் ஒன்றாக இல்லை என்பதே பிறமொழி வாசிப்பின் முதல் சிக்கலாகும். தமிழில் 'நேற்று மலையிலிருந்து இறங்கிவந்த கிழவர்' என்னும்போது, 'வந்த' என்னும் பெயரெச்சம் தனக்குரிய பெயரை எதிர்நோக்கி நிற்கிறது; கிழவர் என்ற சொல் வந்ததும் எதிர்பார்ப்பு தீர்கிறது. தெலுங்கிலும் அப்படியே. வியப்புக்குரிய செய்தி, வினையை நடுவில் வைக்கும் சீன மொழியும் இவ்விடத்தில் தமிழோடும் தெலுங்கோடும் சேர்ந்துகொள்கிறது என்பதாகும். பெயரை விளக்கும் தொடர் முழுவதும் அம்மொழியில் பெயருக்கு முன்னரே வந்துவிடும். ஆங்கிலமோ கிழவரை முதலில் நிறுத்திவிட்டு, அவர் எப்போது வந்தார், எங்கிருந்து வந்தார் என்பனவற்றையெல்லாம் பின்னால் தொங்கவிடுகிறது. பெயரைக் கண்டவுடன் எதிர்பார்ப்பை மூடிக்கொள்ளப் பழகிய சீன மாணவருக்கு, பின்னால் வரும் நீண்ட தொடர் உரிமையாளர் இல்லாத சரக்காகக் கிடக்கிறது. வாக்கியத்தின் உண்மையான வினை வரும்போது அதற்கு எழுவாய் எது என்பது மறந்துபோகிறது. சித்தூர் மாவட்டத்தின் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கும் இதே இடர் இதே இடத்தில் நேர்கிறது. சொல்வளம் போதாது என்று இருவரையும் ஆசிரியர்கள் கடிந்துகொள்வது, பெரும்பாலும் நோயை மாற்றிக் கணிப்பதாகும்.

சந்நிதி என்பது சொற்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து வருதல். 'பசுவை' என்று இப்போதும் 'ஓட்டிவா' என்று ஒரு யாமம் கழித்தும் சொன்னால் பொருள் பிறக்காது. இந்த நிபந்தனையை விரைந்து கடந்துவிடலாம். எனினும் ஒரு குறிப்புத் தேவை. சொற்களுக்கிடையே வெற்றிடம் விடாமல் எழுதுவது சீன எழுத்தின் இயல்பு. எந்த எழுத்தோடு எந்த எழுத்துச் சேர்ந்து சொல்லாகிறது என்பதை வாசிப்பவரே பிரித்தறிகிறார். புள்ளியும் இடைவெளியும் இன்றி எழுதப்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகளைப் படித்தவர்களுக்கும் அதுவே பணியாயிருந்தது. ஆகவே பிரித்துச் சேர்க்கும் திறன் சீன மாணவரிடம் குறைவானதன்று; அத்திறனைச் சொல்லளவிலிருந்து தொடரளவுக்கு உயர்த்திக்கொள்வதே அவர் புதிதாகப் பயிலவேண்டியது.

யோக்யதை என்பது பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்தும் தகுதி. 'நெருப்பால் நனைக்கிறான்' என்னும் தொடரில் இலக்கணக் குற்றம் ஏதுமில்லை. நனைக்கும் ஆற்றல் நெருப்புக்கு இல்லை என்பதை உலகத்திலிருந்து அறிந்திருப்பவர் அதை வாக்கியமாக ஏற்கமாட்டார். இங்கேதான் நியாய சாத்திரத்தாராகிய நையாயிகர்கள் மொழியின் எல்லையைக் கடந்து உலகத்துக்குள் காலடி வைக்கின்றனர். ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள அதன் சொற்களை அறிந்திருப்பது மட்டும் போதாது, அது பேசும் உலகத்தில் எது எதனோடு பொருந்தும் என்பதையும் அறிந்திருக்கவேண்டும். 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதை மாணவர்களிடமே காட்டியது. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைப் படிக்கையில், வாசிப்புத் திறன் குறைந்தவராயினும் ஆட்டத்தை நன்கறிந்த மாணவர்கள், திறன் மிக்கவராயினும் ஆட்டத்தை அறியாதவர்களைக் காட்டிலும் மேலாகப் புரிந்துகொண்டனர். அறுவடைக்கால நன்றித் திருநாளையோ தபாலில் பொருள் விற்கும் கடையையோ கண்டிராத பிள்ளையிடம் அவற்றைப் பற்றிய பத்தியைத் தந்து, அவருடைய மொழியறிவை அளந்துவிட்டதாகக் கூறுவது நேர்மையான அளவீடு ஆகாது. இதை வினாத்தாள் அமைப்போர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவேண்டும்.

நான்காவது நிபந்தனை தாத்பரியம், அதாவது சொல்பவர் எப்பொருளை உணர்த்த விரும்பிச் சொன்னார் என்னும் நோக்கம். சைந்தவம் என்னும் வடசொல் உப்பையும் குறிக்கும், சிந்து நாட்டுக் குதிரையையும் குறிக்கும். உணவு வேளையில் ஒருவர் அதைக் கொண்டுவரச் சொன்னால் உப்பும், பயணம் புறப்படும் வேளையில் சொன்னால் குதிரையும் பொருளாகின்றன. மற்ற மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிய பின்னும் தாத்பரியம் தெளியாதவரை வாசிப்பு அரைகுறையே. தேர்வுத்தாள்களில் எழுதியவரின் மனப்பான்மை யாது, பத்தியின் மையக்கருத்து யாது என்று கேட்கப்படும் வினாக்கள் அனைத்தும் தாத்பரிய வினாக்களே. சீன மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறுவதும் இவ்வினாக்களில்தான். அதற்கான காரணம் அவர்களுடைய பயிற்சி தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது.

அப்பயிற்சி சொற்பட்டியலில் தொடங்குகிறது. நுழைவுத்தேர்வுக்கென ஏறக்குறைய 3,500 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலை நெட்டுருச் செய்வது சீனப் பள்ளிகளில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளது. இவ்வழக்கத்துக்கு அடியில் ஒரு தத்துவ நிலைப்பாடு உறங்குகிறது: சொற்கள் தனித்தனியே தம் பொருளைத் தந்துவிடும், பிறகு அப்பொருள்கள் இணைந்து வாக்கியப் பொருள் உண்டாகும் என்பதே அது. மீமாம்சகருள் குமாரில பட்டரைப் பின்பற்றுவோர் ஏறத்தாழ இவ்வாறே கூறினர். பிரபாகரரைப் பின்பற்றுவோர் இதை மறுத்தனர். மூத்தவர் ஒருவர் 'பசுவைக் கொண்டுவா' என்று சொல்ல, இளையவர் அவ்வாறே செய்வதைப் பார்த்தும், பின்னர் 'பசுவைக் கட்டு' என்று கேட்டும்தான் குழந்தை சொற்பொருளை அறிகிறது. ஆகையால் எந்தச் சொல்லும் பிறிதொன்றோடு இணைந்த நிலையிலேயே பொருள் உணர்த்துகிறது, தனித்த சொல்லுக்குத் தனித்த பொருள் என்பது பின்னால் செய்துகொண்ட பிரிவினை என்பது அவர்கள் வாதம். வியாகரண மரபின் பர்த்ருஹரி இன்னும் தொலைவு சென்று, வாக்கியமே பிரிக்கவொண்ணாத முழுமை என்றார். சீனத்தின் நெடிய வாசிப்பு மரபுக்கு இப்பெயர் புதியதன்று. 671இல் கடல்வழியாகப் புறப்பட்டு, ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் பயின்று, பிறகு நாலந்தாவில் பல்லாண்டு வாழ்ந்த இத்சிங் என்னும் சீனத் துறவி, இந்தியப் பிள்ளைகள் இலக்கணம் பயிலும் வரிசையைத் தம் குறிப்பில் எழுதியபோது பர்த்ருஹரியின் நூல்களையும் பெயர்சொல்லிக் குறித்தார். பிறமொழியைக் கற்ற சீன வாசகருள் அவரைப் போல உழைத்தவர் சிலரே. பட்டியலோடு நிற்காமல், அம்மொழியில் எழுந்த உரைகளையும் விவாதங்களையும் சேர்த்தே கற்றார் என்பதை இங்கே கருதவேண்டும்.

தாத்பரியத்தைக் கண்டறிய மீமாம்சகரும் வேதாந்திகளும் ஆறு அடையாளங்களை வகுத்தனர். தொடக்கமும் முடிவும் ஒத்துச் செல்லுதலை உபக்கிரம உபசம்ஹாரம் என்றும், ஒன்றே திரும்பத் திரும்ப வருதலை அப்பியாசம் என்றும், வேறு வழியால் அறியமுடியாத புதுமையை அபூர்வதை என்றும், சொன்னதனால் விளையும் பயனைப் பலம் என்றும், புகழ்ந்தோ இகழ்ந்தோ கூறுதலை அர்த்தவாதம் என்றும், காரணத்தோடு நிறுவுதலை உபபத்தி என்றும் அழைத்தனர். உபநிடதத்தின் ஒரு பகுதி எதைக் கூற வருகிறது என்னும் பூசலில் அத்வைதிகளும் விசிஷ்டாத்வைதிகளும் துவைதிகளும் இந்த ஆறு அடையாளங்களையே பொதுக் கருவியாகக் கொண்டு வாதிட்டனர். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் பார், திரும்ப வரும் சொல்லைக் கோடிடு, 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதைக் கவனி என்று இன்றைய தேர்வுப் பயிற்சி நிலையங்கள் கற்பிக்கும் உபாயங்கள் இவற்றுக்கு எவ்வளவு அருகில் உள்ளன என்பது சொல்லாமலே விளங்கும். இருப்பினும் இரண்டுக்கும் இடையில் ஒரு பிளவு இருக்கிறது. வேதாந்திக்கு உபக்கிரமம் என்பது சபையில் எதிர்வாதி முன்னால் வைக்கவேண்டிய சான்று. எதிர்வாதி இன்னொரு அடையாளத்தைக் காட்டி அதை மறுக்கக்கூடும், அப்போது இரண்டில் எது வலியது என்று வாதிடவேண்டும். பயிற்சி நிலையத்து மாணவருக்கோ அது பத்தியின் நடுப்பகுதியைப் படிக்காமல் விடுவதற்கான அனுமதியாகிவிடுகிறது. கருவி ஒன்றே, ஓரிடத்தில் அது வாசிப்பை ஆழப்படுத்துகிறது, மற்றோரிடத்தில் வாசிப்பிலிருந்து விடுவிக்கிறது.

இவ்விடைவெளியை நிரப்பக்கூடிய பொருள் வினாத்தாளிலேயே கிடக்கிறது; அது அங்கே தரப்பட்டுள்ள தவறான விடைகள். மீமாம்சையில் ஒரு விசாரணை ஐந்து உறுப்புகளாக நடக்கும்: ஆராயப்படும் வாக்கியம், அதில் எழும் ஐயம், பூர்வபட்சம் என்னும் எதிர்க்கட்சி, அதை மறுத்து நிறுவப்படும் சித்தாந்தம், முன்பின் விசாரணைகளோடு இதற்குள்ள தொடர்பு. பூர்வபட்சத்தை எளிதில் வீழ்த்தும்படி மெலிவாகச் சொல்வது குற்றமாகக் கருதப்பட்டது. எதிர்க்கட்சியாரே மெச்சும்படி அதை முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுக்கவேண்டும். நல்ல வினாத்தாளில் தவறான விடைகள் மூன்றும் உண்மையில் பூர்வபட்சங்களே. பத்தியில் ஏதோ ஓர் ஆதரவு இல்லாமல் அவை அங்கே இடம்பெறுவதில்லை.

எடுத்துக்காட்டாக, சித்தூரின் மாந்தோப்பு விவசாயி ஒருவரைப் பற்றிய பத்தி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். கிளிமூக்கு மாங்காயைக் கூழ் ஆலைகளுக்கு விற்றுவந்தவருக்கு விலை சரிந்துவிடுகிறது. ஒரு கோடையில் காயைப் பறித்துச் சாலையோரத்தில் கொட்டிவிடுகிறார். நட்டத்தை ஆண்டுதோறும் நோட்டில் எழுதிவைக்கிறார். அண்டைத் தோட்டத்தார் மரங்களை வெட்டி வேறு பயிர் வைக்கின்றனர், அதற்கும் தண்ணீர் போதவில்லை என்னும் செய்தி ஒரு சிறு தொடராக வந்துபோகிறது. கடைசி வாக்கியத்தில், புயலில் சாய்ந்த மரத்தின் குழியில் அவர் ஒட்டுக்கன்று நடுகிறார். விவசாயியைக் குறித்து எழுதியவரின் மனப்பான்மை என்ன என்ற வினாவுக்கு இரக்கம், மதிப்பு, குறைகாணல், பற்றின்மை என நான்கு விடைகள் தரப்படுகின்றன. இரக்கம் என்பவருக்கு அப்பியாசம் துணைநிற்கிறது, நட்டம் பற்றிய பேச்சே பத்தியில் மிகுதி. குறைகாணல் என்பவருக்கு இன்னும் வலிய வாதம் உண்டு: நட்டத்தைத் தன் கையாலேயே எழுதிவைத்தவர் மீண்டும் அதே கன்றை நடுகிறார் என்றால் அது விவேகமின்மை அல்லவா? இவ்வாதத்தை மறுக்கவேண்டுமானால், போகிறபோக்கில் வந்த தண்ணீர்ச் செய்தியைத் தேடிப் பிடிக்கவேண்டும். வேறு பயிருக்கு மாறியவரும் தப்பவில்லை என்று காட்டி, விவசாயியின் செயலை மடமை என்று கருதும் வழியை எழுதியவர் அடைத்திருக்கிறார். பற்றின்மை என்பவர், பத்தியில் புகழ்ச்சொல் ஒன்றுமில்லையே என்று கேட்பார்; நோட்டையும் கன்றையும் எழுதியவர் எங்கே வைத்தார், எதனோடு முடித்தார் என்னும் தேர்வே அதற்கு மறுமொழியாகிறது. மதிப்பு என்னும் விடை இப்போது சித்தாந்தமாக நிற்கிறது. ஊகத்தால் அதே விடையைக் குறித்த மாணவருக்கும் மதிப்பெண் குறையாது; ஆனால் நடந்தது புரிதல் ஆகாது. தவறான விடையைத் தேர்ந்து அதற்காக முழுமூச்சாக வாதிட்ட மாணவர் அவரைக் காட்டிலும் பத்தியை நன்றாகப் படித்தவர் என்று தயங்காமல் சொல்லலாம்.

வாசிப்பவருடைய முன்முடிவுக்கு இதில் என்ன இடம் என்பது அடுத்த வினா. ஒரு பூர்வபட்சத்தை நேர்மையாக எடுத்துரைப்பவர் சற்று நேரத்துக்கேனும் தம் விருப்பத்தை ஒதுக்கிவைக்கவேண்டியிருக்கிறது. தாம் நம்பாத ஒன்றுக்குத் தம் குரலை இரவல் தரவேண்டியிருக்கிறது. இதை அறிவுப் பயிற்சி என்பதோடு மனத்துறவின் ஒரு சிறு வடிவம் என்றும் கொள்வதில் மிகை இல்லை. பின்னாளில் சித்தூர் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்ட மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி, அவ்வூருக்கு அருகில் ரிஷி வேலிப் பள்ளி உருவாகக் காரணமாயிருந்தவர். முறைகள் எல்லாமே மனத்துக்கும் உண்மைக்கும் இடையில் திரையாகிவிடும் என்றும், முடிவுகளின்றிக் கேட்பதே அறிதல் என்றும் அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். அவருடைய எச்சரிக்கையை ஆறு அடையாளங்களுக்கும் நான்கு நிபந்தனைகளுக்கும் எதிராக நிறுத்தினால் அதற்கு வலிமை இல்லாமலில்லை. அடையாளத்தைத் தேடும் கண் பத்தியைப் பார்ப்பதில்லை என்பது பயிற்சி நிலையங்களில் நாள்தோறும் மெய்ப்படுகிறது. ஆயினும் அவர் கூறிய திறந்த கேட்டல் தாய்மொழியில் கைகூடும் அளவுக்கு, எழுவாய் எங்கே இருக்கிறது என்றே தெரியாத அயல்மொழி வாக்கியத்தில் கைகூடாது. அங்கே முறை முன்னே செல்லவேண்டும். கேட்டல் அதன் பின்னரே வாய்க்கும்.

எழுதியவரின் நோக்கம் என்பதே ஓர் இடர்மிக்க கருத்து என்பதையும் மறைத்தல் கூடாது. நையாயிகருக்குத் தாத்பரியம் சொல்பவரின் விருப்பம். வேதத்தில் அது ஈசுவரனின் விருப்பம். அப்படியானால் கிளி சொல்லும் வாக்கியத்திலிருந்து கேட்பவருக்குப் பொருள் எப்படிப் பிறக்கிறது என்று அவர்களே கேட்டுக்கொண்டு, ஈசுவரனின் நோக்கத்தையும் கிளியைப் பழக்கியவரின் நோக்கத்தையும் முன்வைத்து விடைகாண முயன்றனர். மீமாம்சகரோ வேதத்துக்கு ஆசிரியரே இல்லை என்றனர். தாத்பரியம் என்பது ஒருவரின் மனத்தில் அல்லாமல் சொற்கோவையின் போக்கிலேயே இருக்கிறது, அதனால்தான் அடையாளங்களைக்கொண்டு அதைக் கண்டறிய முடிகிறது என்பது அவர்கள் முடிவு. பெயர் நீக்கப்பட்டு, சுருக்கப்பட்டு, சொற்கள் எளிமையாக்கப்பட்டுத் தேர்வுத்தாளில் ஏறிய பத்திக்கு இவ்விரு கொள்கைகளுள் மீமாம்சகருடையதே பெரிதும் பொருந்துகிறது. எழுதியவர் என்ன நினைத்தார் என்று கேட்பதைவிட, இப்பத்தி எதை நோக்கிச் செல்கிறது என்று கேட்பது மாணவருக்கும் நியாயம், எழுதியவருக்கும் நியாயம்.

சீன மரபு தன்னளவிலேயே இவ்விவாதத்தை நடத்தியிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் அறிஞர் ஜூ ஷி, குறைவாகப் படித்து நிறைய முறை படிக்கவும், தம் கருத்தை நூலின்மேல் ஏற்றாமல் மனத்தை வெறுமையாக்கிக்கொண்டு படிக்கவும் மாணவர்களுக்குக் கற்பித்தார். தேர்வுக்காகப் படிப்போரைக் கண்டு வருந்தினார். அவருடைய உரைகளே 1313இல் அரசாணையால் அரசுப்பணித் தேர்வின் பாடமாகி, 1905இல் அத்தேர்வு முறை ஒழிக்கப்படும்வரை இளைஞர்களால் நெட்டுருச் செய்யப்பட்டன. தமிழில் நன்னூல், உரையின் இயல்புகள் 14 என்று வகுக்குமிடத்தில் வினாவையும் விடையையும் தனித்தனி உறுப்புகளாக வைத்தது. வடமொழியிலும் உரையின் ஐந்து இலக்கணங்களுள், சொற்பிரிப்புக்கும் பொருளுக்கும் தொகைச்சொற்களை விரித்தலுக்கும் வாக்கிய இயைபுக்கும் அடுத்துக் கடைசியாக வருவது தடைக்கு விடை கூறுதலே. ஒரு பத்தியை விளக்கிவிட்டதாகக் கூறிக்கொள்பவர், அதற்கு எழக்கூடிய எதிர்ப்பையும் சந்தித்திருக்கவேண்டும் என்பதில் இம்மரபுகள் ஒன்றுபடுகின்றன.

தேர்வுக்கூடத்தில் இவ்வளவுக்கும் நேரமில்லை என்பது உண்மையே. காவோகாவோ ஆங்கிலத்தாள் முழுவதற்கும் இரண்டு மணி நேரம்தான். ஆனால் பயிற்சி வகுப்பு தேர்வுக்கூடத்தின் கடிகாரத்தைக் கடன் வாங்கவேண்டியதில்லை. ஒரு பாடவேளையில் ஐந்து பத்திகளை ஓட்டிமுடிப்பதற்குப் பதிலாக ஒரே பத்தியை எடுத்துக்கொண்டு, நான்கு விடைகளையும் நான்கு மாணவர்களுக்குப் பகிர்ந்தளித்து, அவரவர் விடைக்குப் பத்தியிலிருந்தே ஆதரவு காட்டி வாதிடச் செய்து, இறுதியில் எந்த அடையாளம் எதை வென்றது என்று வகுப்பு முழுவதும் சேர்ந்து தீர்மானிக்கச் செய்யலாம். வாதம் சீனத்திலோ தெலுங்கிலோ நடந்தாலும் தடையில்லை. சான்று காட்டும் வரி மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்.